பத்தடிக்குள் கூப்பிடுவான்

கூப்பிடுவான். பத்தடிக்குள் கூப்பிட்டுவிடுவான். ஸ்வெட்டரைப் பழந்துணிக் கடைக்காரன் குவியல் மேல் விட்டெறிந்துவிட்டு ஞானப்பூ திரும்பி நடக்கத் தொடங்கி மூன்றடி ஆகியிருந்தது. இந்த நடையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் முப்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் இடிபட்டு அவளாகக் கற்றுக்கொண்டது. விறுவிறுவென்று போகக் கூடாது. போனால் நிஜமாகவே போகிறாள் என்று அவன் அடுத்த ஆளைப் பார்ப்பான். தயங்கித் தயங்கியும் போகக் கூடாது; கூப்பிடட்டும் என்றுதான் போகிறாள் என்று உள்ளுக்குள் சிரிப்பான். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி, ஆனால் உலை கொதிக்க இன்னும் நேரமிருக்கிற மாதிரி நடக்க வேண்டும். கண் அடுத்த கடை மேல். காது மட்டும் பின்னால். இரும்புக் கட்டில், மிக்ஸி, தையல் மிஷின், கால் உடைந்த டீப்பாய், எல்லாவற்றுக்கும் இந்த நடையை நடந்திருக்கிறாள். எல்லாரும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்தாவது அடியிலேயே கூப்பிட்டவன் உண்டு. ஒன்பதாவதில் தலையில் அடித்துக்கொண்டு "வந்து தொலைம்மா" என்று கத்தியவன் உண்டு. கூப்பிடாதவன் கிடையாது. நாலு. எதிரே யாரோ ஒரு சோபாவைத் தலைமேல் வைத்துக்கொண்டு வழி கேட்டபடி வந்தான். ஒதுங்கினாள். ஒதுங்கியதை அடியில் சேர்க்கலாமா? சேர்க்க வேண்டாம். அவனுக்கும் கொஞ்சம் நேரம் கொடுத்த மாதிரி இருக்கட்டும். கால் வலித்தது. மூன்று வெள்ளிக்கிழமையாக இந்த ட்ரங்க் ரோடு முழுக்க, பழந்துணி போட்டிருக்கிற ஒவ்வொரு தார்ப்பாய் முன்னாலும் குனிந்து குனிந்து கிளறியதில் இடுப்பு தனியாகக் கழன்று வந்துவிடும் போலிருந்தது. மூன்றாவது வெள்ளியில் கிடைத்துவிட்டது. கத்தரிப்பூ நிறம், நாலு மஞ்சள் பொத்தான், ஒரு வெள்ளைப் பொத்தான். கிடைத்ததை எறிந்துவிட்டு நடந்துகொண்டிருக்கிறாள். பைத்தியக்காரி.

பைத்தியம் என்ன பைத்தியம், அவன் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, சுருக்கு விழுந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தவன்; சந்தைக்குப் புதுசு, இல்லாவிட்டால் ஞானப்பூவைத் தெரிந்திருக்கும். "எவ்வளவுப்பா இது?" என்று, பக்கத்திலிருந்த ஒரு குல்லாவைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். "முந்நூத்தம்பது" என்றான். "எரியிற ஊர்ல ஸ்வெட்டருக்கு முந்நூத்தம்பதா? எண்பது ரூபா தரேன், குடு." "மிஷின்ல அடிச்சது இல்லம்மா, கைப் பின்னல். யாரோ உக்காந்து ஒவ்வொரு கண்ணியாப் போட்டிருக்காங்க. உள்பக்கம் திருப்பிப் பாரு, ஒரு நூல் தொங்குதா?" உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பார்ப்பது மாதிரி பார்த்தாள். ஒரு நூல் தொங்கவில்லை. "கைப் பின்னல்னுதான் கோணலா இருக்கு" என்று தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "பாரு. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ரெண்டு விரற்கடை இடிக்குது. பச்சப்புள்ள போட்ட படம் மாதிரி. இதைப் போட்டுக்கிட்டு எவ வெளிய போவா?" குறை சொன்னால்தான் விலை இறங்கும். அவள் வாய் தன்னால் அதைச் சொல்லிக்கொண்டு போனது. நூற்றிருபதுக்கு ஏறினாள், அவன் முந்நூறுக்கு இறங்கினான், அங்கேயே நின்றுவிட்டான். நின்றதோடு விட்டானா? மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்து, "யம்மா, இது உனக்கு வேணும். மூஞ்சியில எழுதியிருக்கு. சும்மா ஏன் அடிச்சுப் பேசிக்கினு" என்றான். அவ்வளவுதான். உச்சந்தலையில் தீ வைத்த மாதிரி ஆகிவிட்டது. முப்பது வருஷத்தில் ஒருத்தன் அவள் முகத்தைப் படித்ததில்லை. "நீயே போட்டுக்கோ, உன் மூஞ்சிக்கு எடுப்பா இருக்கும்" என்று விட்டெறிந்தாள். எறியும்போதே நெஞ்சுக்குள் யாரோ வேண்டாம் வேண்டாம் என்றார்கள். கை கேட்கவில்லை.

ஐந்து. இப்போது கூப்பிடலாம். நாளைக் காலை மேட்டுப்பாளையம் வண்டியில் பெர்சிஸ் வருகிறாள். மகள். ஒரே மகள். குன்னூரில் நர்ஸ் வேலை. போன கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டுப் போனவள் ஈஸ்டருக்கு வரவில்லை, ஆவணியில் நாலு நாள் லீவு கிடைத்தும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று பேஷண்டிடம் கேட்பது மாதிரி கேட்டு வைத்துவிடுவாள். அக்டோபரில் ஒரு நாள் திடீரென்று, "ஸ்வெட்டர் போடறியாம்மா?" என்றாள். அந்தக் கேள்வியில் வேறு ஏதோ இருந்தது. ஞானப்பூவுக்கு வியாபாரம் தெரியும். எதிராளி எதை வைத்துக்கொண்டு எதைக் கேட்கிறான் என்பது குரலிலேயே தெரியும். அதனால் பட்டென்று, "தினம் போடறேன் புள்ள. விடியக்காலம் கோயிலுக்குப் போறப்ப அதான்" என்றாள். பிறகு, "சரியா இருக்காம்மா?" "கச்சிதமா இருக்கு." மூக்கை உறிஞ்சுகிற மாதிரி கேட்டது, குளிர்காலச் சளியாக இருக்கும். "அப்ப கிறிஸ்துமஸுக்கு வரேன்மா. நீ அதைப் போட்டுக்கிட்டு நிக்கணும். போட்டோ எடுக்கணும்" என்றாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்போதே ஸ்வெட்டர் வீட்டை விட்டுப் போய் மாதக் கணக்காகிவிட்டிருந்தது. ஒரு பொய்யைச் சொல்லி மகளை வரவழைத்திருக்கிறாள். பொய் ராத்திரி முழுக்க ரயிலேறி வருகிறது. நாளைக்கு வாசலில் பையை வைத்ததும் கேட்பாள். எங்கம்மா என்பாள். வெளுக்கப் போட்டிருக்கேன் என்றால்? எலி கடித்துவிட்டது என்றால்? பெர்சிஸ் சண்டை போடுகிறவள் இல்லை. சண்டை போட்டால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அடக்கிவிடலாம். அவள் தலையாட்டுவாள். சரிம்மா என்பாள். அந்தச் சரிம்மாவுக்குப் பிறகு அடுத்த கிறிஸ்துமஸ் இருக்காது.

"யக்கோவ், என்ன வெறுங்கையோட? இன்னைக்கு எதை, எவ்வளவுக்கு அடிச்சே?" ரிமோட் கடைப் பரமசிவம். பழைய டிவி ரிமோட்டுகளை மீன் கடை மாதிரி வரிசையாக அடுக்கி உட்கார்ந்திருக்கிறவன். அவளைக் கண்டால் இதைத்தான் கேட்பான், அவளும் நின்று, வாங்கினதைத் தூக்கிக் காட்டி, "எவ்வளவு இருக்கும், சொல்லு பாப்போம்" என்பாள். இன்றைக்கு நிற்க முடியாது. நின்றால் நடை போய்விடும். கையை மட்டும் ஆட்டினாள். ஆறு. எவ்வளவு இருக்கும் சொல்லு பாப்போம். பெர்சிஸுக்கு நாலு வயசிலிருந்து இதே விளையாட்டு. அப்பன்காரன் லாரி கிளீனராகப் போனவன் போனவன்தான். கிறிஸ்துமஸுக்குப் புதுசாக எதையும் வாங்கிக்கொடுக்க வக்கில்லை, ஆனால் வெறுங்கையோடு ஒரு வருஷமும் அவள் வந்ததில்லை. சந்தையில் பொறுக்கி, கழுவி, துடைத்து, பிய்ந்ததைத் தைத்து, ஜரிகைத் தாளில் சுற்றிக் கொடுப்பாள். பிரித்ததும் பிள்ளை முகத்தைப் பார்த்து, "எவ்வளவு இருக்கும்?" பிள்ளை முதலில் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா முகம் விழுவதைப் பார்த்து, கூட்டிச் சொல்லப் பழகிக்கொண்டது. நூறும்மா, இருநூறும்மா. "இருபத்தஞ்சுடி!" என்று ஞானப்பூ தொடையைத் தட்டிச் சிரிப்பாள். ஆறாம் கிளாஸில் ஒரு பள்ளிக்கூடப் பை, நல்ல பை, ஜிப் எல்லாம் புதுசு மாதிரி. மூடியின் உள்பக்கம் அழியாத மையில் வேறு எவளோ ஒருத்தி பெயர், ரேவதி, ஆறு பி. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பெர்சிஸை ரேவதி ரேவதி என்றே கூப்பிட்டார்களாம். இதை அவள் போன கிறிஸ்துமஸில்தான் சொன்னாள், பதினைந்து வருஷம் கழித்து, கேக்கை வெட்டிக்கொண்டே, யாருக்கோ நடந்த கதை மாதிரி. "ஏன்டி அப்பவே சொல்லல?" "நீ அதை எவ்வளவு குறைச்சு வாங்கினேன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டிருந்தம்மா."

ஏழு. சத்தமில்லை. ஏழில் கூப்பிடாதவன் எட்டில் கூப்பிடுவான். போன கிறிஸ்துமஸ். அந்த நாளைப் பக்கத்தில் வரவிடாமல் ஒரு வருஷமாகத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள். கால் ஓய்ந்தால் வந்துவிடுகிறது. ஜரிகைத் தாள்கூட இல்லாமல், செய்தித்தாளில் சுற்றி, மேலே நூலால் கட்டி, பெர்சிஸ் அதைக் கொடுத்தாள். நைட் டூட்டியில் பேஷண்ட்கள் தூங்கின பிறகு பின்னியதாம், ஏழு மாதமாம். மாடி வீட்டு எஸ்தரும் அவள் மாமியாரும் வேறு இருந்தார்கள். ஞானப்பூ பிரித்தாள், தூக்கிப் பிடித்தாள், பிடித்ததுமே கண் போனது குறைக்குத்தான். வேறெங்கே போகும்? முப்பது வருஷமாகக் குறை தேடியே பிழைத்த கண். "ஏ புள்ள, இது என்ன, ஒரு கை ஒட்டகம், ஒரு கை கோழி?" எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தரின் மாமியார் விக்கிவிக்கிச் சிரித்தாள். "சந்தையில இதைப் போட்டா எவனும் சீண்ட மாட்டான். ஏழு மாசத்துக்கு நூலை வித்திருந்தாலும் காசு." பெர்சிஸும் சிரித்தாள். "போட்டுப் பாரும்மா" என்றாள். "இந்த வேக்காட்டுலயா?" "ஒரு தடவை போட்டுப் பாரேன்." ரெண்டு தரம் சொன்னாள். ரெண்டு தரம் சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். பிறகு ஞானப்பூ தன் பரிசை, தோல் கைப்பையை, எடுத்துக் கொடுத்து, பிரிக்கும் முன்னாலேயே "எவ்வளவு இருக்கும் சொல்லு" என்றாள். பெர்சிஸ் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஒரு தடவையாவது விலை சொல்லாம எனக்கு ஒண்ணு குடும்மா."

எட்டு. பெருமூச்சு வந்தது. அலுப்பாக இருந்தது, காலையில் எழுந்ததிலிருந்து, இல்லை, எப்போதிலிருந்தோ. அப்புறம் அந்த மூடி. அதை நினைக்கக் கூடாது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் தை மாதம் வந்தாள். ஒரு நல்ல எவர்சில்வர் தூக்கு. ரெண்டு சேலை, மூணு பேன்ட், ஒரு கம்பளி என்று பேசி முடித்த பிறகு, மூடி தனி என்றாள். "மூடி இல்லாத தூக்கை நான் என்ன பண்ண, தலையில கவுத்துக்கவா?" "இன்னும் ஒரு உருப்படி போடுக்கா, மூடி தரேன்." ஞானப்பூ உள்ளே போய் அலமாரிக்குள் கையை விட்டு, கைக்கு வந்ததை, என்ன ஏதென்று பார்க்காமல் எடுத்து வந்து போட்டாள். பார்க்காமல்தான் போட்டாள். மூன்று வெள்ளிக்கிழமையாகத் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருட்டு அலமாரி, அவசரம், அடுப்பில் பால். பாத்திரக்காரி, "இது என்னக்கா, கம்பளிச் சட்டையா?" என்று கேட்டதும், "புத்தம் புதுசுடி, ஒரு தடவகூட உடம்புல படல. இதுக்கு மூடி மட்டும் பத்தாது, ஒரு கரண்டியும் சேத்துக் குடு" என்று சொன்னது யார்? பார்த்தாள். பார்த்துத்தான் போட்டாள். நாலு மஞ்சள் பொத்தானையும் ஒரு வெள்ளைப் பொத்தானையும் பார்த்தாள். கோபம் அப்போதும் இருந்தது. விலை சொல்லாமல் கொடு என்று சொல்லிவிட்டாளே, நான் கொடுத்ததெல்லாம் என்ன, நான் நாய் மாதிரி அலைந்து வாங்கினதெல்லாம் என்ன என்று. கரண்டி கிடைக்கவில்லை. மூடி கிடைத்தது. அந்த மூடி இன்றுவரை அந்தத் தூக்கோடு சரியாகச் சேரவில்லை. ரசம் கொண்டுபோனால் தளும்பி வெளியே வருகிறது. பாத்திரக்காரியை மறுபடி பிடித்து, எங்கேடி போடுவீங்க துணியெல்லாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டபோது, "தரம் பிரிக்கிற ஆளு எடுத்துட்டுப் போயிடுவார்க்கா. குளிர் துணியெல்லாம் மார்கழியில வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வரும். வந்தா உண்டு. இல்லாட்டி கிழிச்சு ஒர்க் ஷாப்புக்குத் துடைக்கிற துணியாப் போயிருக்கும்" என்றாள். துடைக்கிற துணி. அந்த வார்த்தையோடு எத்தனை நாள் படுத்து எழுந்தாள்.

ஒன்பதாவது அடியில் ப்ளேன் வந்தது. மீனம்பாக்கத்தில் இறங்குகிறது; பல்லாவரத்துக்கு மேலே தலையை உரசுகிற மாதிரிதான் போகும், சந்தை முழுக்க வாய் அசையும், சத்தம் கேட்காது. வயிறு, சக்கரம், சிவப்பு விளக்கு. கூண்டுக்குள் புறாக்கள் படபடத்தன. ஞானப்பூ நின்றுவிட்டாள். இப்போது கூப்பிட்டிருந்தால்? இப்போதுதான் கூப்பிட்டிருப்பான். சரியாக ஒன்பதில். யம்மா வா, எடுத்துக்கோ என்று கத்தியிருப்பான், இந்தச் சனியன் இரைச்சலில் விழவில்லை, இவள் வராததைப் பார்த்து, சரி போகிறவள் போகட்டும் என்று வேறு யாருக்காவது எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். திரும்பிப் பார்த்தால் தெரியும். திரும்பிப் பார்த்தால் தோற்றாள். முந்நூறு என்பான், முந்நூறு என்ன, முந்நூத்தம்பதே என்பான். போகட்டுமே, சேலைக்கு மேல் மாட்டியிருக்கிற சட்டையின் பையில் ஐந்நூறு இருக்கிறது. காசு இல்லாமலா நடக்கிறாள்? காசுக்காகவா நடக்கிறாள்? எதற்காக நடக்கிறாள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, கால் நடக்கிறது. ப்ளேன் போய்விட்டது. சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, மாங்கன்று விற்கிறவன், சார்ஜர் விற்கிறவன், நட்சத்திரம் நட்சத்திரம் என்று காகித நட்சத்திரம் விற்கிற பெண்பிள்ளை. மஃப்ளர்க்காரன் குரல் மட்டும் வரவில்லை. பத்து.

பத்து ஆகிவிட்டது. கூப்பிடவில்லை. கூப்பிடாத ஆளே கிடையாது என்று நினைத்தாளே, இருக்கிறான். அவனுக்கு முன்னால் இன்னொரு ஆளும் இருந்தது. அதை இத்தனை நேரமும் தெரிந்துகொண்டேதான் நடந்தாளோ என்னவோ. போன வருஷம் இருபத்தேழாம் தேதி காலை. ரெண்டு நாள் லீவு பாக்கி இருக்கும்போதே பெர்சிஸ் பையைத் தூக்கிக்கொண்டாள். தோல் கைப்பையைக் கட்டில் மேல் வைத்திருந்தாள், பிரிக்காமல். "வரேம்மா" என்றாள். தெருவில் இறங்கி நடந்தாள். ஞானப்பூ வாசலில் நின்று பார்த்தாள். விறுவிறுவென்று போகவில்லை. தயங்கித் தயங்கியும் போகவில்லை. கண் தெருமுனையில் இருந்தது. தண்ணீர் லாரிக்கு ஒதுங்கினாள், ஒதுங்கி மறுபடி அதே சீராக நடந்தாள். பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் அந்த நடையை? இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்தச் சந்தையில் எத்தனை கடையிலிருந்து அப்படி நடந்திருப்பாள், அது தோள் வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்திருக்குமே, அம்மா கூப்பிடறாங்க அம்மா கூப்பிடறாங்க என்று காதில் சொல்லுமே. ஊரில் எவளுக்குத் தெரியாவிட்டாலும் ஞானப்பூவுக்குத் தெரியும், அந்த முதுகு என்ன கேட்டுக்கொண்டு போகிறதென்று. ஏ புள்ள, வா என்று ஒரு வார்த்தை. அவள் கூப்பிடவில்லை. போய்ட்டுத் தானா வருவா, எங்க போயிடுவா என்று வாசற்படியில் சாய்ந்து நின்றாள். பத்தடி, இருபதடி, தெருமுனை. திரும்பவே இல்லை. மகள் அல்லவா.

வலது கை எப்போது போனதென்று தெரியவில்லை, இடது கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தது. சந்தைக்கு வரும்போது சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வது வழக்கம். வெயிலுக்கும் ஆகும், பையில் காசும் போட்டுக்கொள்ளலாம். மனசு ஒரு நிலையில் இல்லையென்றால் கை அங்கேதான் போகும், இடது மணிக்கட்டில், ஒரு மடிப்பு. வலது பக்கம் மடிக்க வேண்டியதில்லை. இடது பக்கம் மட்டும் சட்டை இறங்கி உள்ளங்கையை மூடும். பெர்சிஸுக்கு ஏழு வயசிருக்கும்போது லோடு வண்டியிலிருந்து இரும்புக் கட்டிலை இழுத்து அது இவள் மேலேயே சரிந்து முழங்கைக்குக் கீழே ஒடிந்தது. நாட்டு வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டி, ஒன்றரை மாதம் அசைக்காதே என்றார். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவளே பிரித்து எறிந்துவிட்டுச் சந்தைக்கு வந்துவிட்டாள், யார் சோறு போடுவது? எலும்பு தன் இஷ்டத்துக்குச் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து இடது கை ரெண்டு விரற்கடை... மடித்துக்கொண்டிருந்த விரல் நின்றது. ரெண்டு விரற்கடை. ஸ்வெட்டரை அவன் முகத்துக்கு நேரே எப்படிப் பிடித்தாள்? பொத்தான் வரிசை அவன் பக்கம், முதுகு இவள் பக்கம். குட்டைக் கை எந்தப் பக்கம் ஆடியது? இந்தப் பக்கம். இடது. போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போட்டுப் பாரும்மா. ஒரு தடவை போட்டுப் பாரேன். யாரும் பேசாத கை அது; பொண்ணு கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை, தையல்காரனிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டு ரெண்டு பக்கமும் ஒரே அளவில் தைத்து வாங்கி மடித்துக்கொள்வாள். போன வருஷம் கோடையில், பெர்சிஸ் லீவில் வந்திருந்தபோது, மத்தியானம் சோறு தின்றுவிட்டுத் தரையில் படுத்துக் கண் அசந்த நேரம் மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது. முழித்தாள். பொண்ணு பக்கத்தில் மண்டியிட்டு, கையில் ஒரு சணல் நூல். "என்னடி பண்றே?" "ஒண்ணுமில்லம்மா. கொசு. நீ தூங்கு." மத்தியானத்தில் ஏது கொசு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. தூங்கிப்போனதும் ஞாபகம் இருக்கிறது. ரெண்டு கையையும் அளந்திருக்கிறாள். தனித்தனியாக. பிறகு ஏழு மாதம். ஒரு கை ஒட்டகம், ஒரு கை கோழி.

திரும்பினாள். அவளுக்குத் தெரிந்து முதல் தடவையாக, யாரும் கூப்பிடாமல். வந்த வழியே, ஆட்களை முழங்கையால் இடித்துக்கொண்டு, நடையும் இல்லை ஒன்றும் இல்லை, ஓட்டம். தார்ப்பாய் முன்னால் ஒருத்தி நின்றிருந்தாள், கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு. அவள் கையில் கத்தரிப்பூ நிறம். தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, "கைப் பின்னல் ஓகே, ஆனா பாருங்க, ஒரு கை குட்டையா இருக்கே. டேமேஜ் பீஸ்தானே? நூறு ரூபாய்னா எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதே வார்த்தை. அதே தூக்கிப் பிடிப்பு. ஞானப்பூவுக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. "டேமேஜுன்னு உனக்கு யாரு சொன்னா? கை சரியாத்தான் இருக்கு. விடு" என்று பிடுங்கினாள். "ஹலோ, நான் பார்த்துட்டிருக்கேன்." "பாத்தது போதும். கண்ணைக் கழட்டி ஸ்வெட்டர்ல ஒட்டிட்டியா?" மஃப்ளர்க்காரன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் ஆம்பளைச் சட்டையை உருவி இடுப்பில் கட்டினாள். பையிலிருந்த சில்லறை தார்ப்பாயில் சிதறியது, பொறுக்கவில்லை. வலது கையை விட்டாள். இடது கையை விட்டாள். பொத்தான் போட்டாள், மஞ்சள், மஞ்சள், வெள்ளை, மஞ்சள், மஞ்சள். பத்து மணி வெயிலில் கம்பளி உடம்பில் ஒட்டியது. கைகளை நீட்டினாள், முன்னால், ரெண்டையும் சேர்த்து. வலது கை மணிக்கட்டில் வந்து நின்றது. இடது கை மணிக்கட்டில் வந்து நின்றது. கூலிங் கிளாஸ்காரி ஏதோ சொல்ல வந்து, அந்தக் கைகளைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, நகர்ந்து போய்விட்டாள். மஃப்ளர்க்காரன் சில்லறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பொறுக்கி நீட்டினான். "உன்னுதாம்மா இது?" என்றான். சில்லறையைக் கேட்கவில்லை. ஞானப்பூ தலையாட்டினாள். "ஏன் கூப்பிடல நீ?" என்றாள். "நீ திரும்பி வருவேன்னு தெரியும்மா. அதான் கூப்பிடல" என்றான். பிறகு, "இருநூறு குடு, போதும்" என்றான். அவள் அவன் சொன்ன முதல் விலையைத்தான் எண்ணிக் கையில் வைத்தாள். ஒரு நோட்டைத் திருப்பித் தள்ளினான். அவள் திரும்பத் தள்ளினாள். தானே இறங்கி வந்தவனிடம் ஏற்றிக் கொடுக்கிற வியாபாரத்தை அந்தச் சந்தையில் அவள் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது வியர்வை கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஓடியது. ஆட்கள் பார்த்தார்கள். ஒரு பிள்ளை அம்மாவின் சேலையை இழுத்துக் காட்டியது. திரும்பி வருவேன்னு தெரியும். வாசற்படியில் சாய்ந்து நின்றவளும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இவனுக்குப் பத்தடியில் பலித்தது, அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று, அதுவும் ஒரு பொய்யைச் சொல்லி. நாளைக்குச் சொல்லிவிட வேண்டுமா, மூடி, தூக்கு, கரண்டி எல்லாவற்றையும்? போட்டோ எடுத்த பிறகு சொல்லலாம். சொல்லாமலே விட்டுவிடலாம். சொன்னால் தலையாட்டிச் சரிம்மா என்பாளோ. சொல்லாவிட்டால் இந்தக் கம்பளிக்குள்ளேயே அது குத்திக்கொண்டு கிடக்கும். சொல்லத்தான் வேண்டும். ரயில் நின்றதும், கூட்டத்தில் அவள் தலை தெரிந்ததும், அவள் பார்ப்பதற்கு முன்னால் ஏ புள்ள என்று கத்திக் கூப்பிட வேண்டும், மற்றது அப்புறம். "யக்கோவ்! வெயில்ல ஸ்வெட்டரா? மூளை கெட்டுப்போச்சா?" பரமசிவம் ரிமோட்டுகளைத் தாண்டி எட்டிப் பார்த்தான். "சரி சரி, அதைச் சொல்லு, எவ்வளவுக்கு அடிச்சே?" ஞானப்பூ நின்றாள். எவ்வளவு இருக்கும் சொல்லு பாப்போம் என்பது நாக்கு நுனி வரை வந்து, உதட்டில் முட்டி, அங்கேயே நின்றது. "வாங்கல. என் பொண்ணு பின்னினது" என்றாள். பரமசிவம் விலைக்காகக் காத்திருந்தான். அவள் நடந்தாள். இரண்டடி போனதும் வலது கை பழக்கத்தில் இடது மணிக்கட்டுக்குப் போனது, மடித்துவிட. மடிக்க ஒன்றும் இல்லை. விரல்களை எடுக்கவும் தோன்றவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, வேகமும் இல்லாமல் நிதானமும் இல்லாமல், வெறுமனே களைத்துப்போன ஒருத்தி நடப்பது மாதிரி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.